முதலாளி யார்? வணிகத்தின் அடிப்படை பற்றிய ஒரு விளக்கம்

வணிகம் என்பது யாது என மாணவரை வினாவின், குறைந்த விலைக்கு வாங்கிக் கூடிய விலைக்கு விற்றலே வணிகம் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவான விடையும் அன்று. உழுதலே வேளாண்மை எனக் கூறுதல் போன்றது அது. உழுதலின்றி வேளாண்மை இல்லை. எனினும், பருவம் அறியாதும் வித்தினைப் பேணாதும் நீரைக் காவாதும் உழுதவன் நல்ல உழவன் எனப்படான். அவ்வாறே, வாங்கவும் விற்கவும் அறிந்தார் எல்லோரும் வணிகம் நடாத்த அறிந்தார் ஆகார்.

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கற்றோர் உத்தியோகத்தை நாடுதலும், உத்தியோகம் கிடையாதவிடத்தே வணிகத்திற் புகுதலும் நம்மிடையே நெடுங்கால வழக்கமாகும். ஓய்வுபெற்ற ஒருவர் தமது பணிக்கொடையினை இட்டுக் கடை திறக்கின்றார். இளைஞன் ஒருவன் கடல்கடந்து வாழும் தமையன் அனுப்பிய பணத்தைக்கொண்டு தொழில் தொடங்குகின்றான். வாயிலில் நிறைகுடம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டி, உற்றார் புடைசூழத் திறக்கப்பட்ட கடைகளுட் சில, ஈராண்டு கழியுமுன்னரே பூட்டப்படுவதை நாம் காண்கின்றோம். அவற்றை நடாத்தியோர் சோம்பர் அல்லர், வஞ்சகரும் அல்லர், பலர் விடியற்காலந்தொட்டு இரவுவரை உழைத்தவரே. அங்ஙனமாயின் அவர் அறியாதிருந்தது யாது? அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலும் ஊதியமும்

வணிகம் பற்றிய நமது மொழியின் பழஞ்சொற்களே இவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாக அமைகின்றன. வணிகத்தில் இடப்படும் பொருளை முதல் என்கின்றோம். அதன் பயனாக வருவதை ஊதியம் என்றும் ஆக்கம் என்றும் முன்னோர் வழங்கினர். முதல் என்னுஞ் சொல் தொடக்கம் என்றும், வேர் என்றும், காரணம் என்றும் பொருள்படும். மரத்தின் வேர் அழியாதிருக்கும்வரை காய்களைப் பறிக்கலாம்; வேரினை வெட்டி விறகாக்கியவனுக்கு அந்த ஒருநாட் சமையலே மிச்சமாகும். முதலுக்கும் ஊதியத்துக்கும் உள்ள வேறுபாடு இத்தகையதே.

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டைத் தெளிவுற அறிந்திருந்தார். முதல் இல்லாதவருக்கு ஊதியம் இல்லை என்னும் உலகறிந்த உண்மையை, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலே அவர் உவமையாக எடுத்தாளுகின்றார். தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்திலோ, வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழத்தற்கு ஏதுவான செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் எனக் கூறுகின்றார். இவையிரண்டும் அரசியலை நோக்கிக் கூறப்பட்டன. ஆயினும், வணிகர் வாழ்விலிருந்து எடுத்த உவமையால் அரசர்க்கு அறிவுரை கூறத்தக்க அளவிற்கு, முதலைக் காத்தல் என்னும் கருத்து அக்காலத்து மக்களிடையே வேரூன்றியிருந்தமை இவற்றாற் புலனாகும்.

இனி, முதலாளி என்னுஞ் சொல்லை நோக்குவோம். இன்று அச்சொல் செல்வன் என்னும் பொருளிலும், சிலவிடங்களிற் பிறர் உழைப்பை உண்பவன் என்னும் பொருளிலும் வழங்குகின்றது. நமது ஊர்களிலோ, நாலு தட்டும் ஒரு தராசும் உடைய சிறு கடைக்காரரையும் முதலாளி என்றே அழைக்கின்றனர். தொழிலை ஆள்பவன் தொழிலாளி. முதலை ஆள்பவன் முதலாளி. ஆளுதல் என்பது உண்ணுதல் அன்று, காத்து நடாத்துதலேயாகும். நாட்டை ஆளும் மன்னன் நாட்டைத் தின்பவன் அல்லன் அன்றோ? எனவே, முதலைக் காத்து நடாத்தும் பொறுப்பினை ஏற்றவனே முதலாளி எனக் கொள்ளுதல் பொருத்தமுடையது. அப்பொறுப்பின் இயல்பு யாது என்பதை அடுத்து நோக்குவோம்.

உறுதியான கொடையும் உறுதியற்ற வரவும்

பொருளியல் அறிஞருள் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்டவர்களுள் முற்பட்டவர் றிச்சாட் கன்ரிலன் என்பவர். அயர்லாந்திற் பிறந்து பாரிசிலே வங்கித்தொழில் நடாத்திய இவர், 1734ஆம் ஆண்டில் இலண்டனில் இறந்தார். வணிகத்தின் பொது இயல்பு பற்றி இவர் எழுதிய நூல், இவர் இறந்து இருபத்தோர் ஆண்டு கழிந்தபின், 1755இலே வெளிவந்தது. நாட்டு மக்களை இவர் வருவாயின் தன்மை கொண்டு வகுத்தார். ஒரு சாரார் உறுதியான வருவாயை உடையோர். கூலிபெறும் வேலையாளரும் சம்பளம்பெறும் படைத்தலைவரும் இவ்வகையினர். மற்றைச் சாரார் உறுதியற்ற வருவாயை உடையோர். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த உழவன் குத்தகைப் பணத்தை உறுதியாகக் கொடுக்கின்றான். விளைவும் விலையும் அவனுக்கு உறுதியில்லை. பட்டினத்து வணிகன் இன்ன விலை என அறிந்து வாங்குகின்றான்; இன்ன விலைக்கு விற்பான் என்பதை அறியான். இங்ஙனம் அறிந்த விலைக்குக் கொண்டு அறியாத விலைக்குக் கொடுப்பவனையே கன்ரிலன் முயற்சியாளன் என்றார்.

இவ்விளக்கம் வணிகத்தின் உள்ளே நம்மைக் கொண்டு செல்கின்றது. கடை வாடகை மாதந்தோறும் கொடுத்தற்குரியது. உதவியாளின் சம்பளமும், மின்கட்டணமும், மொத்த வியாபாரியின் தவணைப் பணமும், வங்கியின் வட்டியும் அத்தன்மையனவே. இவையாவும் வணிகன் முன்னரே கொடுத்த வாக்குகள். இவ்வாக்குகளை நிறைவேற்றுதற்கு வேண்டிய வரவு வருமோ வாராதோ என்பது யாருக்குந் தெரியாது. யாவருக்கும் கொடுத்தபின் மிஞ்சுவது யாதேனும் உளதாயின் அதுவே வணிகனுக்குரியது; இலாபம் என்பது அதுவேயாகும். ஆகவே, பந்தியிற் கடைசியாக அமர்பவன் வணிகனே. அண்டாவில் மிச்சம் இருப்பின் உண்பான்; இல்லையேற் பசித்திருப்பான்; விருந்தினருக்குக் குறையின் தன் வீட்டு அரிசியையும் உலையில் இடுவான். முதலிடத்தில் அமர விரும்புவோர் உத்தியோகத்தையே நாடுதல் நன்று.

அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைற் 1921இலே இக்கருத்தை மேலும் நுணுகி ஆராய்ந்தார். அளவிடத்தக்க இடர் வேறு. அளவிட முடியாத நிச்சயமின்மை வேறு என அவர் பிரித்துக் காட்டினார். ஆயிரம் வீடுகளுள் எத்தனை தீப்பற்றும் என்பதைப் பழைய பதிவுகளைக்கொண்டு ஒருவாறு கணிக்கலாம்; ஆதலால் அவ்விடரைக் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். ஆனால், அடுத்த ஆண்டில் மக்கள் எதனை விரும்புவர், எத்தொழில் நிலைக்கும், எது வீழும் என்பவற்றுக்குக் காப்புறுதி இல்லை. அந்நிச்சயமின்மையைத் தன் தலைமேல் ஏற்பதற்குரிய பயனே இலாபம் என்பது அவர் முடிபு.

இதற்கு நமது நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகியது. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளிலே துரு நிறமான ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. அதன் கொடுமையைத் தொடக்கத்திற் பலரும் உணர்ந்திலர். கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியை நட்டனர். வருங்கால விளைச்சலை ஈடாக நம்பிக் கடன் பெற்றனர். 1880ஆம் ஆண்டை அடுத்து அத்தொழில் நிலைகுலைந்தது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. தோட்டங்கள் பலவற்றிலே, தென்னிந்தியாவிலிருந்து வந்துழைத்த தமிழ்த் தொழிலாளரின் கூலியும் நிலுவையாயிற்று. கொடுத்தல் உறுதி, வருதல் உறுதியன்று என்னும் நிலையை ஏற்றவர் அதனைத் தாங்க இயலாது வீழ்ந்தபோது, அச்சுமை தாங்கும் வலியற்ற ஏழைகளின் மேலும் விழுந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. வணிகனின் தோல்வி அவனோடு முடிவதில்லை.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். 1867ஆம் ஆண்டிலே, கோப்பி செழித்திருந்தபொழுதே, ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி அழிந்தபின் மலைநாடு தேயிலை நாடாக மாறுதற்கு அம்முயற்சி வழிகாட்டிற்று. முழுத் தோட்டத்தையும் புதிய பயிருக்கு மாற்றாது, இழப்பினும் தாங்கத்தக்க சிறுபகுதியில் முதலிற் சோதித்தல் என்பது நிச்சயமின்மையை எதிர்கொள்ளும் வழிகளுட் சிறந்ததொன்றாகும்.

கணக்கு என்னும் கண்

வருவது தெரியாத நிலையில் வணிகனுக்குத் துணையாவது யாது? உள்ளது இன்னது எனத் தெரிந்துகொள்ளுதலே. அதற்கு எழுந்த கலை கணக்குப்பதிவு. இரட்டைப்பதிவு முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல் 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளியாயிற்று. அதனை இயற்றிய லூக்கா பச்சியோலி ஒரு துறவி, கணித ஆசிரியர். அம்முறையை அவர் புதிதாகக் கண்டவர் அல்லர். வெனிஸ் வணிகர் ஏற்கெனவே கைக்கொண்டிருந்ததையே எடுத்து விளக்கினார். கணக்கேட்டின் தலைப்பிலே இறைவன் நாமத்தை எழுதித் தொடங்குமாறு அவர் அறிவுறுத்தியுள்ளார். பிள்ளையார் சுழியிட்டுப் புதுக்கணக்கு எழுதும் நமது வழக்கத்தோடு இது ஒத்திருத்தல் காண்க. பொய் எழுதலாகாத இடம் கணக்கேடு என்னும் உணர்வு இருதிறத்தாருக்கும் பொதுவாக இருந்தது போலும்.

இரட்டைப்பதிவிலே மாணவரை மயக்குவதொன்று உண்டு. ஐந்தொகை தயாரிக்கும்போது, உரிமையாளன் இட்ட முதல் சொத்துக்களின் பக்கத்தில் அன்றிப் பொறுப்புக்களின் பக்கத்தில், கடன்கொடுத்தோரின் வரிசையிலே எழுதப்படுகின்றது. தன் பணத்தைத் தானே இட்டிருக்க, அது எவ்வாறு கடனாகும் என மாணவர் வினாவுவர். இவ்வினாவின் விடையிலே வணிகத்தின் உட்பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. கடை வேறு, கடைக்காரன் வேறு. முதலை இட்டவனுக்குக் கடை கடன்பட்டுள்ளது. மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டிருப்பது போலவே அவனுக்கும் கடன்பட்டுள்ளது. மேசை லாச்சியிற் கிடக்கும் பணத்தை அவன் தன் பணம் என எண்ணி எடுத்தல், பிறருக்குரிய பணத்தை எடுத்தலேயாகும். முதலாளியே கடைக்குக் கடன்கொடுத்தோன் என்பது விடுகதையன்று; கணக்கின் முதல் விதி.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிலதிபர் யோசையா வெட்ஜ்வுட் என்பவரும் இடர் வந்தபோதே கணக்கின் அருமையை உணர்ந்தார். 1772ஆம் ஆண்டிலே கடன் நெருக்கடியொன்று ஏற்பட்டு விற்பனை குன்றிற்று. அப்பொழுது அவர் தம் பண்டங்கள் ஒவ்வொன்றின் ஆக்கச்செலவையும் நுணுகிக் கணித்தார். வாடகையும், சூளைச் செலவும், அச்சுக்களுக்கான செலவும், எழுதுவினைஞர் சம்பளமும் பண்டம் பலவாயினும் சிலவாயினும் ஏறக்குறைய ஒரே அளவாக நிற்றலைக் கண்டார். தம் தலைமை எழுதுவினைஞர் செய்துவந்த கையாடலும் அக்கணக்கினால் வெளிப்பட்டது. உலகெங்கும் பெயர்பெற்ற தொழிலை நடாத்தியவருக்கும் தமது செலவு இன்னது என்பது தேடிப்பார்த்த பின்னரே தெரிந்தது எனின், ஏனையோரைப்பற்றிக் கூறவேண்டா.

ஒரு சிறு கடையின் கணக்கு

இதுவரை கூறியவற்றை விளக்குதற்கு, யான் நேரில் அறிந்த ஒரு கடையின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன். அது எனது தந்தையாரின் கடை. 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது ஊர்ச் சந்தியில் அதனைத் தொடங்கினார். 1993ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூடினார். அப்பொழுது யான் பத்தாம் வகுப்பு மாணவன். போர்க்காலம் ஆதலாற் பொருள் கிடைத்தல் அரிதாயிருந்தது. எனவே, கடை மூடப்பட்டதற்குக் காலத்தையே யாவரும் காரணமாகக் கூறினர். யானும் அவ்வாறே நம்பினேன்.

பல ஆண்டுகளின் பின், ஆசிரியப் பணி புரிந்துகொண்டே வெளிவாரிப் பட்டத்திற்குப் பயின்றேன். இரவிற் கணக்கியற் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, தந்தையார் வைத்திருந்த கடைக் கொப்பிகளை எடுத்துப் பார்க்க நேர்ந்தது. அவர் கொள்வனவையும் விற்பனவையும் ஒழுங்காக எழுதியிருந்தார். மாத விற்பனவு சராசரி 20,000 ரூபா. விற்ற பொருளின் கொள்விலை 17,800 ரூபா. ஆகவே மொத்த இலாபம் 2,200 ரூபா. வாடகை 350, வண்டிக்கூலி 450, விளக்கெண்ணெய் முதலிய சில்லறைச் செலவு 150, உதவியாளின் சம்பளம் 600. ஆக 1,550 ரூபா. மிஞ்சியது 650 ரூபா.

எழுதப்படாதது ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்த அரிசியும் சீனியும் மாவும், எமது பாடசாலைச் செலவும், உறவினர் வீட்டு நன்மை தீமைக்குக் கொடுத்த பணமும் கடையிலிருந்தே சென்றன. வாங்கிய பொருளையும் விற்ற பொருளையும் ஒப்புநோக்கிக் கணித்தபோது, அது மாதத்திற்கு ஏறக்குறைய 1,300 ரூபா எனக் கண்டேன். அஃதாவது, மாதந்தோறும் 650 ரூபா முதலிலிருந்து தேய்ந்தது. முப்பது மாதத்தில் 19,500 ரூபா. அவர் இட்ட முதலோ 22,000 ரூபா. எஞ்சியது தட்டுக்களும் தராசும் வாராக்கடன் சிலவுமே.

காலம் கொடியதாயிருந்தமை உண்மை. ஆயினும் அக்கடையை மூடியது காலம் மட்டும் அன்று. அதே அளவான இலாப வீதத்தில், வீட்டுச் செலவையும் தாங்குதற்கு மாதம் ஏறக்குறைய 26,000 ரூபா விற்பனவு வேண்டியிருந்தது. அல்லது வீட்டுச் செலவு பாதியாதல் வேண்டியிருந்தது. இவ்விரண்டு எண்களுள் ஒன்றையேனும் அவர் அறிந்திருப்பின் யாதேனும் ஒரு வழியைத் தேடியிருப்பார். கடை நிறையச் சனம், கையிலே காசுப் புழக்கம், வீட்டிலே பசியில்லை. ஆகவே கடை நன்றாக நடக்கின்றது என அவர் எண்ணினார். நாங்கள் உண்டது ஊதியத்தை அன்று, முதலையே என்பதை அவர் அறிந்திலர். அன்றிரவு அக்கொப்பியை மூடிவைத்தபின் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

விலை ஏறும் காலத்தில் முதல்

கணக்கை ஒழுங்காக எழுதுவோரையும் ஏமாற்றும் காலம் ஒன்று உண்டு. அது விலைவாசி விரைந்தேறும் காலம். 2022ஆம் ஆண்டு இலங்கை மக்கள் இதனைக் கண்கூடாக அறிந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. செத்தெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 69.8 வீதம் உயர்ந்திருந்தது.

இத்தகைய காலத்தில் வணிகனுக்கு நேர்வதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவன் ஒன்று 60 ரூபாவாக நூறு பொருள்களை 6,000 ரூபாவுக்கு வாங்கி, ஒன்று 75 ரூபாவாக 7,500 ரூபாவுக்கு விற்றான். இலாபம் 1,500 எனக் கணக்கிலே எழுதி, அதனை வீட்டுக்குச் செலவிட்டான். எஞ்சிய 6,000 ரூபாவுடன் சந்தைக்குச் சென்றபோது பொருளின் விலை 100 ரூபாவாயிருந்தது. நூறு பொருளுடன் தொடங்கியவன் அறுபது பொருளுடன் மீண்டான். முழு 7,500 ரூபாவையும் வைத்திருந்தாலும் எழுபத்தைந்து பொருளே கிடைத்திருக்கும். கணக்கேட்டில் இலாபம், கடைத் தட்டிலோ நட்டம். முதல் என்பது ரூபாவின் எண்ணிக்கை மட்டும் அன்று, மீண்டும் அதே தொழிலைச் செய்தற்குரிய வலிமையே முதல் என்னும் உண்மை இதனாற் பெறப்படும். விலையை ஏற்றிய வணிகர் யாவரும் பேராசை கொண்டவர் எனக் கூறுதல் நேரிதன்று. பதுக்கிவைத்து மக்களை வருத்தியவரை இதனைக் காட்டி நியாயப்படுத்தலும் நேரிதன்று. மீண்டும் வாங்குதற்கு வேண்டிய விலையைக் கேட்பவன் வேறு. பிறர் இடுக்கணைத் தன் ஆக்கமாக்குபவன் வேறு.

நாணயம்

முதலைக் காத்தலும் கணக்கினைப் பேணுதலும் வணிகத்தின் இரு தூண்கள். மூன்றாவது தூண் ஒன்றும் உண்டு. தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசினையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். காசு கைமாறுவது வாக்கின்மேல் வைத்த நம்பிக்கையினால் ஆதலால், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை மிகப் பொருத்தமே.

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் பெறும் பொருள் அளவிற் கூடாமலும் தாம் கொடுக்கும் பொருள் அளவிற் குன்றாமலும், விலையை வெளிப்படையாகக் கூறி வணிகம் செய்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள் போற் பேணுதலே வணிகர்க்கு நல்ல வணிகமாகும் என வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கின்றார். அறத்தின்பாற்பட்ட இக்கருத்து, நடைமுறையிலும் பயன் தருவது என்பதை ஓர் எளிய கடையின் வரலாறு காட்டுகின்றது.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே, 1844ஆம் ஆண்டு திசெம்பர் 21ஆம் நாள், தொழிலாளர் சிலர் ஒன்றுகூடி ஒரு கடையைத் திறந்தனர். இருபத்தெட்டு உறுப்பினர், முதல் இருபத்தெட்டுப் பவுண். வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்த பணம் அது. விற்பனைக்கு இருந்தவை மாவும், வெண்ணெயும், சீனியும், ஓற்ஸ் மாவும் போன்ற சிலவே. அக்காலத்துக் கடைகள் பலவற்றிற் பண்டங்களிலே கலப்படம் செய்தலும் நிறையிற் குறைத்தலும் மலிந்திருந்தன. இவர்களோ கலப்பற்ற பொருளைச் சரியான நிறையிற் கொடுத்தனர். முன்னர் அவ்வூரில் எழுந்த ஒரு கூட்டுறவுக் கடை, கடனுக்கு விற்றமையால் நிலைக்காது போயிற்று. ஆதலாற் கைக்காசுக்கே விற்றனர். மிச்சத்தை, அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்ப உறுப்பினருக்குப் பங்கிட்டனர். உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கம் இவர்கள் வகுத்த நெறியினையே முன்மாதிரியாகக் கொண்டது. நமது நாட்டிலே 1911இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததும், ஊர்கள்தோறும் சங்கக்கடைகள் தோன்றியதும் அம்மரபின் வழிவந்தனவே. முதல் இருபத்தெட்டுப் பவுணேயாயினும், இக்கடையில் ஏமாற்றமாட்டார்கள் என்னும் மக்கள் நம்பிக்கை அம்முதலிலும் பன்மடங்கு பெரிதாயிருந்தது.

மீண்டும் எனது தந்தையாரின் கடைக்கு வருவேன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்தபோது, அவர் எடுத்துச்சென்ற சில பொருள்களுள் அக்கடைக் கொப்பிகளும் இருந்தன. கடை மூடி ஈராண்டு கழிந்தபின்னும் இவை எதற்கு எனத் தாயார் சினந்துகொண்டார். பிறர் தமக்குத் தரவேண்டிய கடனுக்காகவே அவற்றைச் சுமக்கின்றார் என யாம் எண்ணினோம். உண்மை பின்னரே தெரிந்தது. மொத்த வியாபாரி ஒருவருக்கு அவர் கொடுக்கவேண்டிய 3,840 ரூபா அதில் எழுதப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டிலே அவ்வியாபாரி மீண்டும் பட்டினத்தில் தொழில் தொடங்கியதை அறிந்து, பணத்துடனும் கொப்பியுடனும் சென்றார். யானும் உடன் சென்றேன். வியாபாரியின் ஏடுகள் இடப்பெயர்விலே அழிந்துபோயிருந்தன. இக்கடன் அவர் நினைவிலும் இல்லை. தந்தையார் கொப்பியை விரித்துக் காட்டிப் பணத்தை எண்ணிவைத்தார். அப்பெரியவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, “அண்ணை, திரும்பக் கடை போடுறதெண்டால் சொல்லுங்கோ, சாமான் நான் தாறன், காசு பிறகு பாப்பம்” என்றார். தந்தையார் சிரித்துக்கொண்டே, வயது போய்விட்டது எனக் கூறி விடைபெற்றார்.

யான் பட்டப்படிப்பிற் கற்ற பாடங்களைக்கொண்டு எனது தந்தையார் வணிகம் அறியாதவர் எனக் கூறுதல் கூடும். அவர் முதலைக் காவாது விட்டார். கடையையும் வீட்டையும் பிரித்தறியாது விட்டார். ஆயினும் முப்பது மாதத்திற் கரைந்துபோகாத ஒரு முதல் அவரிடம் இருந்தது என்பதை, பத்தாண்டு கழித்து வேறொருவர் கடையிலே கண்டேன். அம்முதல் மட்டும் கடையைக் காப்பாற்றப் போதாது. அஃதின்றியும் எக்கடையும் நிலைக்காது.

முடிவுரை

ஆகவே, வணிகம் நடாத்துதல் என்பது யாது? பிறருக்கு வேண்டியதொன்றை உணர்ந்து, அதனைக் கொடுத்தற்பொருட்டு, உறுதியான கடமைகளைத் தான் ஏற்று, உறுதியற்ற வரவினை நம்பி நின்று, எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதைக் கொண்டு வாழ்தல் எனக் கூறலாம். அங்ஙனம் நிற்றற்கு வேண்டியவை மூன்று. முதலையும் ஊதியத்தையும் வேறுபடுத்தி அறிதல் ஒன்று. உள்ளதை உள்ளவாறு எழுதும் கணக்கு ஒன்று. வாக்குத் தவறாமை ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வரையறுத்த பொறுப்புடைய கம்பனிகள் சட்டத்தால் தோன்றியபின், முயற்சி வீழின் உரிமையாளர் தாம் இட்ட பங்குப்பணத்தோடு தப்புதல் கூடும். இவ்வேற்பாடு பெருந்தொழில்கள் வளர்தற்குத் துணைசெய்தது உண்மையே. ஆயினும் தனி வணிகனுக்கு அத்தகைய காப்பில்லை. அவன் கடன் அவனையே சாரும். சட்டம் பொறுப்பினை வரையறுக்கலாம்; வாக்கினை வரையறுத்தல் இயலாது.

எமது கல்லூரி மாணவருட் சிலர் நாளை தொழில் தொடங்குவர். அவர்க்கு யான் கூறத்தக்கது சிறிதே. முதல் நாளிலேயே கடைக்கு ஒரு கொப்பியும் வீட்டுக்கு ஒரு கொப்பியும் வாங்குக. உமக்குரிய சம்பளத்தை நீரே வகுத்து, அதனையும் செலவாக எழுதுக. மாத முடிவில், வாடகையும் கூலியும் கொடுத்தபின் மிஞ்சியது எவ்வளவு, அதே அளவு பொருளை மீண்டும் வாங்கப் பணம் உண்டா என்னும் இரு வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே உறங்கச் செல்க. எவருக்குக் கொடுக்கவேண்டியதையும் முதற்பக்கத்தில் எழுதுக. பிறர் உமக்குத் தரவேண்டியதைப் பின்பக்கத்தில் எழுதினும் குறையில்லை. முதலாளி என்று ஊரார் அழைக்கும்போது, எம் கையிலுள்ளது எமது மட்டும் அன்று என்னும் நினைவு எழுமாயின், அவர் வணிகத்தின் அடிப்படையை அறிந்தவர் ஆவர்.